சுரங்கம்: குழியா, வழியா?

சுரங்கம் என்றதும் நெய்வேலியையும் கோலாரையும் நினைப்பவர்கள் பலர். கம்பம் பள்ளத்தாக்கிலோ அந்தச் சொல்லுக்குத் தண்ணீர் என்றே பொருள். 1895இல் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தபோது, மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த நீரைக் கிழக்கே திருப்பியது தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்து வெட்டிய, ஒரு மைலுக்கும் நீளமான சுரங்கம். லோயர் கேம்பில் மின்சாரம் கொடுத்துவிட்டோ, இரைச்சல் பாலம் வழியாக இறங்கியோ அந்த நீர்தான் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களில் இருபோக நெல்லாகிறது. தாது தோண்டும் குழி, நீர் போகும் வழி என்னும் இரண்டு பொருள்களில் மூத்தது வழிதான் என்பது என் முடிவு.

பரிபாடலின் வையைப் பாட்டொன்றில் மதுரை மதிலடியில் நீர் பாயும் மறைவழிக்குச் ‘சுருங்கை’ என்று பெயர். சிலப்பதிகார மதுரையில் யானைகள் கடந்துபோகும் நிலவறைப் பாதைக்கும் அதே பெயர். இரண்டிலும் தாது இல்லை, போக்குவரத்துதான் உண்டு. சுரை, சுருங்கு என்னும் தமிழ் வேர்களிலிருந்து இது பிறந்தது என்பாருண்டு. உட்டுளை என்ற பொருள் பொருந்துவதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அர்த்தசாஸ்திரம் ‘சுருங்கா’ என்கிறது. சபா சபையானது போல அது சுருங்கையாவது வழக்கமான மாற்றம். அதற்கும் பின்னே, குழலையும் முற்றுகையில் மதிலடியே குடையும் வழியையும் குறித்த ‘சிரிங்ஸ்’ என்னும் கிரேக்கச் சொல் நிற்கிறது. எனவே கடன்சொல் என்பதே வலுவான கருத்து. எந்த வேரைக் கொண்டாலும் குழியைவிட வழியே முந்துகிறது.

தாது எடுக்கவும் வழி வேண்டுமே, பிரிப்பானேன் என்று கேட்கலாம். பிரித்தே பேசிய ஊர் ஒன்று உண்டு. இன்றைய செக் நாட்டில் உள்ள யோவாக்கிம்ஸ்தால் 16ஆம் நூற்றாண்டில் வெள்ளிக்குப் பேர்போன ஊர். டாலர் என்ற பெயரே அவ்வூர் நாணயத்திலிருந்து வந்தது. அங்கே பேசிய ஜெர்மன் மொழியில் செங்குத்தாக இறங்கும் குழி ‘ஷாக்ட்’, கிடையாகக் குடைந்த வழி ‘ஸ்டோலன்’. உள்ளே ஊறும் நீரை வடிப்பது ஸ்டோலனின் பெரிய வேலைகளில் ஒன்று. நம் சுருங்கைக்கு நேரானது அதுதான்.

இந்த வேறுபாடு தேனி மாவட்டத்துக்குப் பழங்கதை அன்று. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோவைப் பதிவு செய்த இந்திய ஆய்வு, பிறகு தேடிவந்த இடம் பொட்டிப்புரம். அங்கே திட்டமிட்ட சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழி, தாதுக்குழி அன்று. அத்திட்டத்தை ஏற்பதும் எதிர்ப்பதும் வேறு விவாதம். ஆனால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது இரு தரப்புக்கும் தெளிவாக இருக்க வேண்டும். தாதுக்கு நிலக்கரிச் சுரங்கம், தங்கச் சுரங்கம் என்று அடைமொழி சேர்த்தே சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை எழுத்திலும் கைவிடாதிருப்போம். அகராதி தொகுப்பவர்கள் சுரங்கத்துக்கு வழி என்பதையே முதற்பொருளாக வைக்க வேண்டும்.