இல்லாத காலில் வலி

வி. எஸ். ராமச்சந்திரன் என்றால் நம் வயதுக்காரர்களில் பலருக்குத் தெரியாது. அரசியல் சட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன் என்றால் சட்டென்று பிடிபடும். 1951-இல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, அமெரிக்காவில் சான் டியேகோவில் பேராசிரியர் ஆனார். முதலில் கண்பார்வை பற்றித்தான் ஆராய்ச்சி. பிறகு கை கால் இழந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

போன உறுப்பு இருப்பதுபோலவே தோன்றுவது பழைய சங்கதி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்த வியர் மிட்செல் என்ற டாக்டர், 1870களிலேயே அதற்கு ‘ஆவி உறுப்பு’ என்ற பொருளில் பெயர் வைத்தார். பெயர் வந்ததே தவிர, மருந்து வரவில்லை.

எங்கள் கூக்காலில் எனக்குப் பெரியப்பா முறை ஒருவர், மரம் விழுந்து ஒரு காலை இழந்தவர். பனிக்காலத்தில், இல்லாத பாதத்தின் விரல் மடங்கி இழுக்கிறது என்று ராத்திரியெல்லாம் அரற்றுவார். காத்து கருப்பு என்று மந்திரித்தார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். புதைத்த காலைத் தோண்டி விரலை நிமிர்த்தி வை என்றுகூட ஒரு பாட்டி யோசனை சொன்னார். மனுஷன் பொய் சொல்லவில்லை என்பதை நம்பத்தான் ஆளில்லை.

மூளையில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி இடம் உண்டு, நம் மலையில் படிப்படியாக வெட்டிய பூண்டுக் காட்டைப் போல. கைக்குரிய பாத்திக்குப் பக்கத்துப் பாத்தி முகத்துக்கு. வளர்ந்தவர் மூளையில் இந்த வரப்பு நகராது என்பதே அன்றைய பாடம். 1991-இல் கையின் உணர்வு நரம்புகள் அறுபட்ட குரங்குகளைச் சோதித்தார்கள். முகத்தைத் தொட்டால், கைக்குரிய இடம் வேலை செய்தது!

இதைப் படித்த ராமச்சந்திரன், கையிழந்த ஒரு பையனின் கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டார். தொடுவது கன்னத்திலும் தெரிந்தது, இல்லாத கையின் கட்டைவிரலிலும் தெரிந்தது. புது இணைப்பு முளைத்ததா, அல்லது நரம்புகளை அடக்கி வைக்கும் ரசாயனம் தளர்ந்து, தூங்கிக் கிடந்த பழைய இணைப்பு விழித்ததா என்ற கேள்வி அப்போது எழுந்தது. வரப்பு அவ்வளவு தூரம் நகர்வதில்லை என்று பின்னால் வந்தவர்கள் சிலர் மறுத்தும் எழுதியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அவருடைய கண்ணாடிப் பெட்டிதான். லட்ச ரூபாய் மெஷின் இல்லை. பெட்டிக்கு நடுவே ஒரு கண்ணாடி, அவ்வளவே. நல்ல கையை அதன் முன்னால் நீட்டினால், பிம்பம் போன கையின் இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால் போன கையும் விரிவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. வருஷக்கணக்காக இறுகிக் கிடந்த விரல்கள் சிலருக்கு அந்த நிமிஷமே தளர்ந்தன. எல்லோருக்கும் பலிக்கவில்லை. ஆனால் 2007-இல் வெளியான அமெரிக்க ராணுவ மருத்துவமனைச் சோதனையில், நாலு வாரம் கண்ணாடி பார்த்துப் பயிற்சி செய்த 6 பேருக்கும் வலி குறைந்தது. கண்ணாடியைத் துணியால் மூடி வைத்துப் பயிற்சி செய்த 6 பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது.

சர்க்கரை வியாதியால் கால் எடுத்தவர்கள் இப்போது நம் பக்கத்திலும் உண்டு. அவர்களில் யாராவது இல்லாத கால் வலிக்கிறது என்று சொன்னால், பிசியோதெரபி பார்ப்பவரிடம் இந்தக் கண்ணாடிப் பயிற்சி பற்றி விசாரியுங்கள். வீட்டில் இருக்கும் நிலைக்கண்ணாடியே போதும்.