சபரிமலைத் தாடியும் ஒரு சனிக்கிழமையும்

செமஸ்டர் முடிஞ்சும் சோம்பேறித்தனம், ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. இன்னிக்கு ஒரு விஷயம் எழுதியே ஆகணும்.

நியூஜெர்சியில என் ரூம்மேட், மதுரைக்காரன். சின்ன வயசுல இருந்து அப்பாவோட மாலை போடுறவன். போன கார்த்திகையில இங்கயும் போட்டான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். இருபதாம் நாள் மேனேஜர், "ஷேவ் பண்ணாம வராதே"ன்னுட்டார். விரதம்னு சொல்லியும் காதுல வாங்கல. விசா பயம். அன்னிக்கு ராத்திரி மாலையைக் கழட்டி சாமி படத்துல மாட்டிட்டு ஷேவ் பண்ணினான். "அவங்க ஊரு, அவங்க சட்டம்டா"ன்னு பெரிய மனுஷன் மாதிரி ஆறுதல் சொன்னேன்.

அவங்க சட்டம் என்னன்னு இப்பத்தான் படிச்சேன். நான் சொன்னது சுத்தத் தப்பு.

1964 சிவில் உரிமைச் சட்டத்தோட ஏழாவது பகுதி, 15 பேராவது வேலை பார்க்கிற இடத்துல மதத்தை வச்சுப் பாகுபாடு கூடாதுன்னு சொல்லுது. ஆனா மதப் பழக்கத்துக்காக கம்பெனி வளைஞ்சு கொடுக்கணுமா? அது தெளிவா இல்ல. 1972ல செனட்டர் ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அவரே சனிக்கிழமையை ஓய்வுநாளா வச்சிருக்கிற பாப்டிஸ்ட் பிரிவைச் சேர்ந்தவர். கம்பெனிக்கு மிதமிஞ்சின சிரமம் இல்லன்னா இடம் கொடுத்தே ஆகணும்னு சட்டத்துல ஏறிச்சு.

சந்தோஷம் அஞ்சு வருஷம்தான். டி.டபிள்யூ.ஏ. விமானக் கம்பெனியில, கான்சஸ் சிட்டியில வேலை பார்த்த லாரி ஹார்டிசன், சனிக்கிழமை வரமாட்டேன்னு சொல்லி வேலையை இழந்தார். 1977ல சுப்ரீம் கோர்ட் 7-2ன்னு கம்பெனி பக்கம். அற்பச் செலவைத் தாண்டினாலே அது மிதமிஞ்சின சிரமம்தானாம்! நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையா எதிர்த்து எழுதினார். ஆனாலும் 46 வருஷம் அந்த வரிதான் கம்பெனிகளுக்குக் கேடயம்.

2023 ஜூன் 29ல அது உடைஞ்சது. பென்சில்வேனியா தபால்காரர் ஜெரால்ட் கிராஃப், ஞாயிற்றுக்கிழமை அமேசான் பார்சல் கொண்டுபோக மாட்டேன்னு நின்னவர். கோர்ட் ஒருமனதா சொன்னது: அற்பச் செலவெல்லாம் போதாது, அந்தத் தொழிலுக்குக் கணிசமான சுமைன்னு கம்பெனிதான் காட்டணும். ஒரு மதத்தின் மேல மத்தவங்களுக்கு இருக்கிற வெறுப்பு கணக்குல சேராது. (முகமூடி இறுக்கமா ஒட்டணும்ங்கிற மாதிரி நிஜமான பாதுகாப்புக் காரணம் இருந்தா அது வேற.)

சனிக்கும் ஞாயிறுக்கும் ரெண்டு கிறிஸ்தவர்கள் போட்ட சண்டை, ஐயப்பன் தாடிக்கும் உதவுது பாருங்க. ஆபீஸ் பிரார்த்தனைக்கு வரமாட்டேன்னு சொல்ற நாத்திகருக்கும் இதே சட்டம்தான்.

சரி, யார்கிட்ட போறது? முதல்ல எச்.ஆருக்கு ஈமெயில், எழுத்துல இருக்கணும், காரணம் மதம்னு தெளிவா இருக்கணும். மசியலைன்னா 1965ல இருந்து இயங்குற சம வேலைவாய்ப்பு ஆணையம். புகார் இலவசம், வக்கீல் கட்டாயமில்ல. அமெரிக்காவுல வேலை பார்க்கிற விசாக்காரங்களுக்கும் பொருந்தும். புகார் கொடுத்ததுக்குப் பழிவாங்கினா அதுவே தனிக் குற்றச்சாட்டு. கெடு 180 நாள். நியூஜெர்சி, கலிஃபோர்னியா, டெக்சாஸ்ல 300. மாநில அலுவலகங்களும் உண்டு: நியூஜெர்சியில சிவில் உரிமைப் பிரிவு (அந்த மாநிலச் சட்டம் 1945லேயே வந்தது), டெக்சாஸ்ல வொர்க்ஃபோர்ஸ் கமிஷன், ரெண்டுலயும் 180 நாள். கலிஃபோர்னியா சிவில் உரிமைத் துறையில மூணு வருஷம். அங்க 2013ல இருந்து மதத்துக்காக வைக்கிற முகத்து முடி, தலையை மூடுற உடை எல்லாம் சட்டத்துலயே இருக்கு.

மாலை கழட்டின நாள்ல இருந்து எண்ணிப் பார்த்தேன். இன்னிக்கு 221. மாநிலக் கெடு போச்சு, 300 இன்னும் இருக்கு. அவன்கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "கேஸ் வேணாம்டா. கார்த்திகைக்கு முன்னாடி அந்த ஈமெயிலை மட்டும் எழுதிக் குடு"ன்னான்.

எழுதிக்கிட்டு இருக்கேன். அன்னிக்குக் கொடுத்த ஆறுதலுக்குப் பரிகாரம்.