ராபின் ராபர்ட்ஸ்

ராபின் ராபர்ட்ஸ் (பிறப்பு: நவம்பர் 23, 1960) அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆவார். ஈ.எஸ்.பி.என் அலைவரிசையில் விளையாட்டுச் செய்திகளை வழங்கிப் புகழ்பெற்ற இவர், பின்னர் ஏ.பி.சி. தொலைக்காட்சியின் 'குட் மார்னிங் அமெரிக்கா' என்னும் காலை நிகழ்ச்சியின் தொகுப்பாளரானார். செய்திகளும் திரையுலக நேர்காணல்களும் இணைந்த நிகழ்ச்சி இது.

இளமை

அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் பிறந்த இவர், மிசிசிப்பியின் கடலோர ஊரான பாஸ் கிறிஸ்டியனில் வளர்ந்தார். தந்தை லாரன்ஸ் ராபர்ட்ஸ், டஸ்கிகீ விமானப் படையணியைச் சேர்ந்தவர். தென்கிழக்கு லூசியானா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் 1,000 புள்ளிகளுக்கு மேல் எடுத்த ராபின், 1983 இல் தகவல் தொடர்பியலில் பட்டம் பெற்றார்.

தொலைக்காட்சிப் பணி

மிசிசிப்பியின் சிறிய நிலையம் ஒன்றில் விளையாட்டுச் செய்தியாளராகப் பணியைத் தொடங்கினார். நாஷ்வில், அட்லாண்டா நகரங்களில் பணியாற்றியபின் 1990 இல் ஈ.எஸ்.பி.என் இல் இணைந்து, 2005 வரை அங்கு பணிபுரிந்தார். 'ஸ்போர்ட்ஸ்சென்டர்' இவர் வழங்கிய நிகழ்ச்சிகளுள் ஒன்று.

2005 மே மாதத்தில் 'குட் மார்னிங் அமெரிக்கா'வின் இணைத் தொகுப்பாளரானார். அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா சூறாவளி பாஸ் கிறிஸ்டியனைச் சிதைத்தது. அங்கிருந்து நேரடியாகச் செய்தி வழங்குகையில் இவர் கண்கலங்கினார். செய்தியாளர் உணர்ச்சிவசப்படலாகாது என்ற மரபால் வேலை போய்விடும் என்று அஞ்சியதாகப் பின்னர் கூறினார். ஆனால் அந்நிகழ்ச்சி அவ்வூரின் மீட்புப் பணிக்குத் துணைநின்றது.

நோயும் மீட்சியும்

2007 இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதற்குப் பெற்ற சிகிச்சையின் பின்விளைவாக, எலும்பு மச்சையில் குருதி அணுக்கள் சரிவர உருவாகாத நோய் ஏற்பட்டதை 2012 ஜூனில் நேயர்களிடம் அறிவித்தார். நியூ ஓர்லியன்சில் செய்தி வாசிப்பாளராக இருந்த தமக்கை சாலி-ஆனின் எலும்பு மச்சை இவருக்குப் பொருந்தியது. செப்டம்பர் 20, 2012 இல் மாற்றுச் சிகிச்சை நடந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னர் தாயார் காலமானார்.

கறுப்பின நோயாளிகளுக்குப் பொருத்தமான கொடையாளர் கிடைப்பது அரிது. குடும்பத்திற்கு வெளியே கொடையாளரைத் தேட வேண்டியோருக்குப் பதிவேடே வழி. இதனாலேயே தம் சிகிச்சையை மறைக்காமல் ஒளிபரப்பச் செய்து, கொடையாளர் பதிவை ஊக்குவித்தார். அத்தொடருக்குப் பீபொடி விருது கிடைத்தது. பிப்ரவரி 20, 2013 இல் மீண்டும் பணிக்குத் திரும்பினார்.

சிறப்புகள்

- பெண்கள் கூடைப்பந்துப் புகழவை (2012)
- ஆர்தர் ஆஷ் துணிவு விருது (2013)