தபால் ஊழியர் மந்திரியானார்

தபால்தலை சேகரிப்போரிடையே குர்ட் க்ஷைட்லே என்னும் பெயர் பிரசித்தமானது. 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் பந்தயங்களை முன்னிட்டு மேற்கு ஜெர்மனி ஒரு தபால்தலையை அச்சிட்டது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானத்தில் புகுந்ததனால் அந்நாட்டு ஒலிம்பிக் குழு பந்தயங்களில் கலந்துகொள்ளவில்லை, தபால்தலையும் வெளியிடப்படவில்லை. தபால் மந்திரி க்ஷைட்லேயிடம் மாதிரியாக அளிக்கப்பெற்றிருந்தவற்றுள் சிலவற்றை அவர் வீட்டார் விவரம் அறியாது கடிதங்களில் ஒட்டி அனுப்பிவிட்டனர். அவை பின்னாளில் ஏலத்தில் பெருவிலை பெற்றன.

எனினும், அவர் வாழ்க்கையில் நாம் சிந்திக்கத்தக்க செய்தி வேறு.

1924-இல் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்த க்ஷைட்லே, தபால் இலாகாவின் ஊழியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அவர், 1957 முதல் 1969 வரை தபால் தொழிற்சங்கத்தின் துணைத் தலைவராக விளங்கினார். 1961-இல் பார்லிமெண்டு அங்கத்தினரானார். 1969-இல் தபால் மந்திரி காரியாலயத்தின் அரசுச் செயலாளராகவும், 1974-இல் ஹெல்முட் ஷ்மிட்டின் மந்திரிசபையில் போக்குவரத்து, தபால் ஆகிய இரு இலாகாக்களுக்கும் மந்திரியாகவும் உயர்ந்தார். ஒரு காலத்தில் ஊழியர் சார்பில் கோரிக்கை விடுத்தவர், இப்போது அக்கோரிக்கைகளுக்கு விடை கூறும் பொறுப்பை ஏற்றார்.

அந்நாளில் ஜெர்மானியத் தபால் இலாகாவில் ஊழியர் இருவகையினராக இருந்தனர். ஆயுட்காலம் முழுதும் அரசுப் பணிக்கென நியமனம் பெற்றவர் ஒரு வகை. அவர்கள் சங்கத்தில் சேரலாம், வேலைநிறுத்தம் செய்யலாகாது. ஒப்பந்த முறையில் உழைப்போர் மற்றொரு வகை. அவர்களுக்கு அவ்வுரிமை இருந்தது. இருவரும் ஒரே கூரையின் கீழ்க் கடிதங்களைப் பிரித்து வந்தனர்.

1980 நவம்பரில், க்ஷைட்லே முன்பு துணைத் தலைவராக இருந்த அதே சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. அவர் பொறுப்பிலிருந்த இலாகா, வேலைநிறுத்தம் செய்தோரின் இடங்களில் நிரந்தர அலுவலரை நியமித்து வேலை வாங்கியது. தபால் தடைபடலாகாது என்பது இலாகாவின் வாதம். வேலைநிறுத்தம் செய்ய இயலாதவரைக் கொண்டே வேலைநிறுத்தத்தை முறித்தால், மற்றவர்க்குள்ள உரிமைக்குப் பொருள் ஏது என்பது சங்கத்தின் வினா.

வழக்கு நீதிமன்றங்களை அடைந்தது. 1985-இல் கூட்டரசுத் தொழில் நீதிமன்றம் இலாகாவின் செயலை ஏற்றது. 1993-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சட்டத்தில் தெளிவான விதி இல்லாதவரை, வேலைநிறுத்தம் நிகழும் இடங்களில் நிரந்தர அலுவலரை அமர்த்தலாகாது என்று அது முடிவு கூறியது.

க்ஷைட்லே 1982-இலேயே பதவியிலிருந்து விலகியிருந்தார், 2003-இல் காலமானார். கடிதம் காலத்தில் சேரவேண்டும் என்பதும், அதைச் சுமப்பவனின் உரிமை நிலைக்கவேண்டும் என்பதும் இரண்டும் நியாயங்களே. இவ்விரண்டுக்கும் இடையே மந்திரியும் சங்கமும் தம்முள் தீர்த்துக்கொள்ள இயலாததை, 13 ஆண்டுகட்குப் பின் நீதிமன்றம் தீர்த்துவைத்தது.