நடுவட்டத்துப் பட்டையும் புற்றுநோய்ப் புரதமும்

மலேரியாவுக்கு அன்று கைகண்ட மருந்தாக இருந்த குயினைன் தென் அமெரிக்கச் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்தே கிடைத்ததால், அம்மரத்தை இந்தியாவிலேயே வளர்க்க முடிவுசெய்த ஆங்கில அரசு, கிளெமென்ட்ஸ் மார்க்கம் வழியாக 1860-இல் நீலகிரிக்குக் கன்றுகளைத் தருவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை பட்டுப்போயின. ரிச்சர்ட் ஸ்புரூஸ் ஈக்வடாரில் திரட்டிய செம்பட்டை வகை இம்மலையில் வேரூன்றியது. உதகை அரசுத் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் வில்லியம் மெக்ஐவர், பட்டையைக் கீற்றாக உரித்தபின் அவ்விடத்தைப் பாசியால் மூடி, மரத்தை வெட்டாமலே புதுப்பட்டை வளரச் செய்தார். நீலகிரியின் நடுவட்டத்தில் இருந்த சிங்கோனாத் தோட்டத்தில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் உழைத்தனர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இவ்வரலாறு நேர்மையானதாகும்.

குயினைனில் உள்ள குயினோலின் என்னும் இரட்டை வளைய அமைப்பையே கொண்ட குளோரோகுயினை, ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் 1934-இல் செயற்கையாக உருவாக்கினார். இம்மருந்து, உயிரணுவுக்குள் கழிவைச் செரிக்கும் அமிலப் பையான லைசோசோமில் சேர்ந்து அதன் வேலையைக் கெடுக்கும். தம் பழைய பாகங்களை அங்கே உடைத்து உணவாக்கிப் பிழைக்கும் புற்றணுக்களை இதனால் தளர்த்த முடியுமா என்ற ஆய்வு பின்னர் எழுந்தது. ஆயினும் லைசோசோமில் இம்மருந்து எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பது நெடுங்காலம் புலப்படவில்லை.

இதற்கான விடை, கொழுப்பு ஒட்டிய புரதங்களைப் பற்றிய ஆய்வோடு வந்து சேர்ந்தது. ‘வளர்’ என்று உயிரணுவுக்கு ஆணையிடும் ராஸ் போன்ற சமிக்ஞைப் புரதங்கள், தம்மீது ஒட்டப்பட்ட கொழுப்பு வாலைக்கொண்டே சவ்வில் பற்றி நின்று வேலை செய்கின்றன. ஃபார்னசில் என்னும் வாலை ஒட்டவிடாமல் தடுக்கும் மருந்துகள் 1990-களில் பெரும் நம்பிக்கை அளித்தபோதிலும், புற்றுநோயில் மிகுதியாகப் பழுதுபடும் கே-ராஸ், அதற்கு ஈடாக வேறொரு கொழுப்பை ஏற்றுக்கொண்டு தப்பிவிட்டது. பால்மிடிக் அமிலத்தாலான வாலோ ஒட்டவும் கழற்றவும் கூடியது. லைசோசோமுக்குள் அதைக் கழற்றுவது பிபிடி1 என்னும் நொதி. இந்நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு மூளை நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 1995-இல் தெரியவந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரவி அமராவதியின் குழு, குளோரோகுயினின் உறவினமான குயினாகிரினை இரட்டையாகப் பிணைத்து உருவாக்கிய சேர்மம் இந்நொதியையே தாக்குகிறது என்று 2017-இலும், குளோரோகுயின் வகை மருந்துகளுக்கும் இதுவே இலக்கு என்று 2019-இலும் வெளியிட்டது.

வாலை ஒட்டுவதைத் தடுத்த முயற்சி தோற்ற இடத்தில், கழற்றுவதைத் தடுக்கும் இவ்வழி நம்பிக்கைக்குரியதே. எனினும் மலேரியா மாத்திரை புற்றுநோய்க்கு மருந்தாகாது என்பதையும், மருத்துவர் சொல்லாமல் அதை உட்கொள்வது இதயத் துடிப்பையும் கண்பார்வையையும் பாதிக்கக்கூடும் என்பதையும் வாசகர்கள் மறத்தலாகாது.