பன்னிரண்டு கோட்டைகளும் பெயரில்லாத குன்றுகளும்

பாராமகால் என்ற பெயரைச் சரித்திர நாவல் படிக்கிறவர்கள்கூட இன்று மறந்து விட்டார்கள். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள சீமைக்கு ஒரு காலத்தில் அதுதான் பெயர். பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். எந்தப் பன்னிரண்டு என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள்! அதைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிறவர்கள் வாணியம்பாடியைத் தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் போதும். மொட்டைத் தலையைத் தூக்கிக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும் அந்தப் பாறைக் குன்றுகள்தான் பாராமகால். கோட்டை கட்டியவர்கள் மேலே கொஞ்சம் மதில் வைத்தார்கள். மற்றதெல்லாம் மலையே செய்து வைத்திருந்தது.

சரித்திரக் கதை ஒன்றுக்காக நான் சில நாட்கள் அந்தப் பக்கம் சுற்றினேன். கிருஷ்ணகிரி மலைமேல் ஏறி நின்று பார்த்தபோது, கதையில் வரும் சிப்பாய்களைவிட அந்த மலைதான் பெரிய கதாபாத்திரம் என்று தோன்றியது. 1768-ல் கும்பினிப் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது வாஸ்தவம்தான். ஆனால் ஏறிப் பிடிக்கவில்லை. சுற்றி வளைத்து உட்கார்ந்து, உள்ளே இருந்தவர்களை வயிறு காயவைத்துப் பிடித்தது. பிறகு கோட்டை மறுபடி மைசூர் வசம் போயிற்று. 1791 நவம்பரில், திப்பு சுல்தானோடு நடந்த யுத்தத்தின்போது, கர்னல் மாக்ஸ்வெல் என்பவர் இரவோடு இரவாக வந்து பேட்டையைக் கைப்பற்றினார். ஓடுகிறவர்களோடு சேர்ந்து மேல் கோட்டைக்குள் நுழைந்துவிடலாம் என்று ஏணிகளோடு ஏறினார்கள் வெள்ளைக்காரச் சோல்ஜர்கள். மேலே இருந்தவர்கள் பீரங்கியை நம்பவில்லை. பாறைகளை உருட்டி விட்டார்கள். ஏணிகள் நொறுங்கின, ஆட்கள் நசுங்கினார்கள், மாக்ஸ்வெல் பேட்டையோடு திரும்பிப் போனார். மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில்தான், ஒரு காகிதத்தின் மூலம், பாராமகால் கும்பினியிடம் வந்தது. காப்டன் ரீட் துரையும் அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் குடியானவனிடம் நேரே தீர்வை வாங்கும் முறையை முதலில் நடத்திப் பார்த்தார்கள். அது வேறு கதை.

அதே 1792-ல் இன்னும் இருவர் இந்த வழியாக வந்தார்கள். தாமஸ் டானியல், வில்லியம் டானியல் என்ற சித்திரக்காரர்கள். சிற்றப்பனும் பிள்ளையுமாக, படுதாவும் பென்சிலுமாக வந்தார்கள். ராயக்கோட்டையை வரைந்தார்கள். ஜெகதேவிக் கோட்டை மலையையும் அதன் பக்கத்து மலையையும் சேர்த்து ஒரு படம் வரைந்தார்கள். அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மனிதர்கள் எறும்பு மாதிரி ஒரு மூலையில் இருப்பார்கள், படம் முழுவதும் பாறைதான். வெள்ளைக்காரன் மிகைப்படுத்தி வரைந்திருப்பான் என்று நினைப்போம். ஜெகதேவி சாலையில் போய் நின்றால் அப்படித் தோன்றாது.

இந்த இடத்தில் சற்றுத் தூரதேசம் போய்வர வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் யோசெமிட்டி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்தால் நம் ஊர்க்காரன், 'இது ராயக்கோட்டைக்கு அண்ணன் போலிருக்கிறதே!' என்பான். அங்கேயும் மொட்டைக் கருங்கல் மலைகள். வித்தியாசம், பள்ளத்தாக்கைச் செதுக்கிய தச்சன் யார் என்பதில்தான். அங்கே அந்தத் தச்சன் பனி. ஆயிரக்கணக்கான அடி கனமுள்ள பனியாறு, அடியில் கற்களைப் பல்லாகக் கட்டிக்கொண்டு, மலையை அரைத்து, சீவி, மெருகேற்றி விட்டுப் போயிருக்கிறது. நம் பக்கம் மழையும் வெயிலும்தான் தச்சர்கள். பகலில் பாறை காய்கிறது, இரவில் குளிர்கிறது. பூமிக்கு அடியில் அமுங்கிக் கிடந்த கல், மேலிருந்த பாரம் கரைந்து போனதும் மூச்சு விடுகிறது. வெங்காயச் சருகு போல் பாளம் பாளமாகத் தோல் உரிகிறது. சுமார் 250 கோடி வருஷத்துப் பாறை இது. அவசரமே இல்லாமல் உரிந்துகொண்டிருக்கிறது.

நம் தேசத்துக்கும் பனிக்கும் சம்பந்தமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். சுமார் 30 கோடி வருஷங்களுக்கு முன்பு இந்தியாவும் ஆப்பிரிக்காவும் அண்டார்டிக்காவும் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், பனியாறுகள் இழுத்து வந்து போட்ட உருண்டைப் பாறைகள் ஒரிஸ்ஸாவில் தால்ச்சேர் என்ற இடத்தில் கிடக்கின்றன. வெயில் கொளுத்தும் அந்த ஊரில், 'இது பனியின் வேலை' என்று 1856-ல் சொன்னவர்கள் பிளான்போர்டு என்ற சகோதரர்கள். கேட்டவர்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! அந்தச் சகோதரர்களில் ஒருவரான ஹென்றிதான் பின்னாளில் வானிலை இலாகாவின் முதல் தலைவராகி, இமயத்துப் பனிக்கும் நம் பருவ மழைக்கும் உள்ள உறவை 1884-ல் எழுதியவர்.

பனி செதுக்கிய பூமிக்கு வந்த ஆபத்துக்களும் நமக்குத் தெரிந்தவையே. யோசெமிட்டியைப் பொதுச் சொத்தாகக் காக்க வேண்டும் என்று, உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1864-லேயே ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அப்படியும் பக்கத்துப் பள்ளத்தாக்கான ஹெச் ஹெச்சி தப்பவில்லை. ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1913-ல் சட்டம் செய்து, அணை கட்டி, அதை மூழ்கடித்தார்கள். இயற்கையும் சும்மா இல்லை; பாறைகள் தாமாகவே சரிகின்றன. மலை உச்சியில் மிச்சமிருந்த லையல் பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டது என்று 2013-ல் அறிவித்தார்கள். பூமி சூடேறியதன் பலன் அது. நம் சிக்கிமில் 2023 அக்டோபரில் பனியாற்று ஏரி ஒன்று உடைந்து, தீஸ்தா நதியின் அணையையே அடித்துக்கொண்டு போனது பத்திரிகை படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கேயும் வானம் சில சமயம் பொறுமை இழக்கிறது. 2024 டிசம்பர் முதல் தேதியை ஒட்டி, பெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. நின்றிருந்த வண்டிகள் வெள்ளத்தில் காகிதக் கப்பல்களாயின. அதே புயலில் திருவண்ணாமலையில் மலைச் சரிவு இறங்கி ஏழு பேர் மாண்டார்கள். ஆனால் மழை சரித்தது மலையின் ஓரத்து மண்ணையும் கல்லையும். முழுக் குன்று ஒன்றை இல்லாமல் செய்ய மழையால் முடியாது. அது மனிதனால்தான் முடியும்.

மனிதனும் முதலில் அப்படிச் செய்யவில்லை. சூளகிரிக்குப் பக்கத்தில் மல்லச்சந்திரம் என்ற ஊரில், பாறை மேட்டின்மேல் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. பெருங்கற்காலத்தவர் இறந்தவர்களுக்குக் கட்டிய வீடுகள் அவை. ஊர்க்காரர்கள் பாண்டவர் வீடு என்கிறார்கள். சுவருக்கும் கூரைக்கும் பெரிய பெரிய கற்பலகைகள். இவற்றை எந்த இயந்திரம் அறுத்தது என்று மலைக்க வேண்டியதில்லை. மலை தானே உரித்துப் போட்ட தோலை நெம்பி எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் தோண்டியபோது இரும்பு கிடைத்தது. அதன் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். இரும்பு கையிலிருந்தும் மலையை அவர்கள் விட்டு வைத்தார்கள். பிறகு வந்தவர்கள், மாடு மீட்கப் போய் மாண்டவனுக்கு நடுகல் நட்டார்கள். ஒரு வீரனுக்கு ஒரு கல். அந்தக் கணக்கு மலைக்குக் கட்டுபடியாகும்.

இன்றைய கணக்கு வேறு. 1970-களில் ஓசூரில் தொழிற்பேட்டை வந்தது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்தார்கள். வேலை தேடி ஜனங்கள் வந்தார்கள். வீடு, சாலை, பாலம் எல்லாவற்றுக்கும் ஜல்லி வேண்டும். எல்லைக்கு அப்பால் பெங்களூர் என்ற பெரிய வாய் வேறு. 1978-ல் சர்க்காரே கனிமத்துக்கென்று ஒரு கம்பெனி தொடங்கியது. கிருஷ்ணகிரிக் கல் மெருகு ஏறிக் கப்பலேறியது. சென்னையில் என் சிநேகிதர் ஒருவரின் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். சமையலறை மேடையைத் தடவித் தடவி, "இத்தாலிச் சரக்கு மாதிரி இல்லை?" என்றார். பர்கூர்ப் பக்கத்துச் சரக்கு என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் அவ்வளவு ஆசையாகத் தடவியிருப்பாரோ என்னவோ!

ஜெகதேவிப் பக்கம் ஒரு பட்டறை வாசலில் முதிய கல்லுடைப்பவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். தெலுங்கு கலந்த தமிழ்.

"கல்லுக்கு ஓட்டம் உண்டுங்க, சார். தட்டினா சத்தம் சொல்லும். அந்த ஓட்டத்துலே வரிசையா ஆப்பு வெச்சா, தானா வழி விடும். எங்க அப்பா காலத்துலே ஒரு மாசம் ஒரு பாறையோட மல்லாடுவாங்க."

"இப்போது?"

"இப்போ ஒயரு போட்டு அறுக்கறாங்க. வைரம் வெச்ச ஒயரு. ஓட்டமாவது ஒண்ணாவது! தயிரு மாதிரி அறுக்குது."

"மலை போகிறதே என்று உங்களுக்கு வருத்தம் இல்லையா, பெரியவரே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு பிள்ளைங்களைப் படிக்க வெச்சது இந்த மலைதானுங்க. ஒருத்தன் ஓசூர்லே கம்பெனியிலே இருக்கான். அவன் பிள்ளைங்களுக்கு மலை வேண்டாம். எனக்கு வேணும், எனக்கு வயசாயிடுச்சு."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? கல்லை வெட்டவே கூடாது என்று சொல்ல, நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு யோக்கியதை கிடையாது. தஞ்சைப் பெரிய கோவிலும் வெட்டிய கல்தான்.

என் வழக்கு வேறு. கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டையும் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கின்றன. 2010-ல் திருத்திய சட்டப்படி, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் தோண்டுவதற்கும் கட்டுவதற்கும் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் செய்யலாம். நல்ல சட்டம்தான். ஆனால் பாராமகால் என்பது ஒரு கோட்டை அல்லவே! ஒரு குன்றின்மேல் நின்றால் அடுத்த குன்று தெரியும், அதற்கப்பால் இன்னொன்று. நடுவே இருக்கும் பெயரில்லாத குன்றுகளும் சேர்ந்துதான் அந்த நாடு. மாக்ஸ்வெல்லை விரட்டிய கல்லுக்கும் பெயர் கிடையாது. 300 மீட்டருக்கு அப்பால் இருக்கும் குன்றுக்கு ஒரு சர்வே எண். ஏல நோட்டீசில் இத்தனை ஹெக்டேர், இத்தனை வருஷம் என்று ஒரு வரி. அவ்வளவுதான் அதன் சரித்திரம். சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2012-ல் சொல்லியிருக்கிறது. அந்த அனுமதிக் காகிதத்தில் குன்றின்மேல் கல்திட்டை உண்டா, பாறை ஓவியம் உண்டா என்று, இடத்துக்கே போய்ப் பார்த்து எழுதும் ஒரு பத்தி கட்டாயமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நடக்காத காரியம் அல்ல. மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகளைச் சேர்த்தே 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று சர்க்கார் அறிவித்தது. குன்று தனியாக அல்ல. சுனையும் வயலும் சமணர் படுக்கையும் பறவையும் சேர்த்து. அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலம், ஊரே எழுந்து நின்றதால் 2025 ஜனவரியில் ரத்தாயிற்று. கிருஷ்ணகிரிச் சீமையில் அப்படி எழுந்து நிற்க ஆள் குறைவு. எழுந்தாலும், பாதிப் பேரின் சம்பளம் குவாரியிலிருந்து வருகிறது.

பெரியவரிடம் விடைபெற்று அடுத்த குவாரியைப் பார்க்கப் போனேன். அது ஓய்ந்துபோன குவாரி. குன்று நின்ற இடத்தில் சதுரமாக ஒரு பள்ளம். பள்ளம் நிறையப் பச்சைத் தண்ணீர். கரையில் விற்காமல் போன கற்பாளங்கள் சில, சிவப்புச் சாயத்தில் எண் எழுதப்பட்டுக் கிடந்தன. என்னோடு வந்த பையனிடம், "இந்தக் குன்றுக்கு என்ன பேர், தம்பி?" என்று கேட்டேன்.

"பேரு தெரியாதுங்க. பள்ளத்துக்குப் பேரு மூணாம் நம்பருங்க" என்றான்.