மெரிக்கன்: கடல் கடந்த ஒரு குடும்பப் பெயர்

பினாங்கிலும் கெடாவிலும் வாழும் முஸ்லிம்களின் பெயர்களைக் கவனித்து வாசிப்பவர்களுக்கு, அரிதாகவேனும் ஒரு பெயர் கண்ணில் படும்: மெரிக்கன். ஆங்கில எழுத்தில் முதன்முறை காண்பவர்கள், அமெரிக்காவோடு ஏதோ உறவு இருக்கும் போலும் என்றே எண்ணுவார்கள். அந்தப் பெயருக்கும் அந்த நாட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கீழக்கரையிலும் நாகூரிலும் காரைக்காலிலும் நாம் நாள்தோறும் கேட்டுப் பழகிய 'மரைக்காயர்' என்ற சொல்தான், கடல் கடந்து, பல நாவுகளில் புரண்டு, இந்த உருவம் பெற்றிருக்கிறது.

மலாய் முஸ்லிம்களிடம் பொதுவாகக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. தம் பெயர், அதன்பின் 'பின்' அல்லது 'பிந்தி', அதன்பின் தந்தையின் பெயர், அவ்வளவே. அப்படிப்பட்ட சூழலில் பாட்டனார் காலத்துப் பெயரொன்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருவது வியப்புக்குரியது. மலேசிய சுகாதாரத் துறையின் தலைமை இயக்குநராகப் பணியாற்றிய டாக்டர் முகம்மது இஸ்மாயில் மெரிக்கன், அந்நாட்டு நாடகத்துறையின் முதல் பெண்மணி என்று போற்றப்படும் ஃபரீதா மெரிக்கன் ஆகியோரின் பெயர்களில் இன்றும் அது ஒலிக்கிறது.

இந்தப் பெயர் அங்கே எவ்வாறு வேரூன்றியது என்பதை அறிய, ஜார்ஜ் டவுன் நகருக்குச் செல்ல வேண்டும். 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேற்றம் அமைத்தபோது, சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்களும் மாலுமிகளும் விரைந்து அங்கே கடை விரித்தார்கள். 'சூலியா' என்று அவர்களை அழைத்தார்கள். அவர்கள் வாழ்ந்த வீதி இன்றும் சூலியா வீதிதான். அவர்களுக்குத் தலைவராக ஆங்கிலேயரால் ஏற்கப்பட்டவர் காதர் முகைதீன் மெரிக்கன். 'கப்பித்தான் கெலிங்' என்பது அவரது பதவிப் பெயர். கெலிங் என்ற சொல் கலிங்கத்திலிருந்து பிறந்தது என்பர். இன்று அது இந்தியரைப் பழிக்கும் சொல்லாகக் கருதப்படுகிறது. ஆயினும் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது மரியாதையுடனேயே வாழ்கிறது. நாம் இன்று அங்கே காணும் குவிமாடங்கள் பிற்காலச் சீரமைப்பில் எழுந்தவை. அடித்தளம் இட்டவர்களோ நம் கரையிலிருந்து மரக்கலமேறிச் சென்றவர்கள்.

அங்கே குடியேறிய ஆடவர் பலர் மலாய்ப் பெண்களை மணந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் 'ஜாவி பெரானக்கான்' எனப்பட்டனர். இரண்டு மூன்று தலைமுறைகளில் வீட்டு மொழி மலாய் ஆயிற்று. தமிழ் எழுத்து மறைந்தது. உணவிலும் உடையிலும் கலப்பு நேர்ந்தது. பெயர் மட்டும் மறையவில்லை. ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். 'யர்' என்ற ஈறு தேய்ந்து 'ன்' ஆயிற்று. மரிக்கன் என்றும் மெரிக்கன் என்றும் நிலைபெற்றது. தமிழ் பேசத் தெரியாத ஒரு குடும்பத்திடம் எஞ்சி நிற்கும் ஒரே தமிழ்ச்சொல் அதுவாகவே இருக்கக்கூடும் என்று எண்ணும்போது நம் மனம் நெகிழத்தான் செய்கிறது.

சரி, மரைக்காயர் என்றால் என்ன? இரண்டு விளக்கங்கள் பெரிதும் வழங்குகின்றன. அரபியில் கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. கரையிறங்கிய அரபிகளிடம் நீங்கள் யார் என்று ஊரார் கேட்க, அவர்கள் தம் கப்பலைச் சுட்டிக்காட்டி 'மர்கப்' என்றார்களாம், அதுவே பெயராயிற்றாம். கேட்பதற்கு இனிமையான கதை. மரக்கலம் என்ற தமிழ்ச் சொல்லோடு அரையர் அல்லது ராயர் என்பது சேர்ந்து, மரக்கலராயர் என்றாகி, மரைக்காயராகத் திரிந்தது என்பது மற்றொன்று. நாம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறோம். கலம் என்பது சங்கப் பாடல்களிலேயே கப்பலைக் குறிக்கும் சொல். மேலும், மர்கப் என்பதன் இறுதியில் நிற்கும் 'ப்' ஓசை எந்தக் கரையின் வழக்கிலும் எஞ்சவில்லை. இலங்கையில் சிங்கள மக்கள் முஸ்லிம்களை 'மரக்கல' என்றே வழங்கி வந்திருப்பதும் நம் எண்ணத்திற்கு வலுச் சேர்க்கிறது. அரபு வேர் ஒன்று இருந்தால் அது நமக்குப் பெருமை என்ற ஆசைதான் முதல் கதையை இத்தனை நாள் வாழவைத்ததோ என்ற ஐயமும் நமக்கு உண்டு.

எப்படியாயினும் பெயரின் உள்ளே கப்பல் இருக்கிறது. அந்தக் கப்பல் போன திசையெல்லாம் பெயரும் போயிற்று. மலபாரில் அது மரக்கார். சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாகப் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரை எதிர்த்து நின்ற குஞ்ஞாலி மரக்கார்கள் நால்வர். நான்காமவரின் முடிவு கசப்பானது. மன்னருக்கும் அவருக்கும் பகை மூண்டது; மன்னர் போர்த்துக்கீசியரோடு கைகோத்தார்; 1600-இல் சரணடைந்த குஞ்ஞாலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். மும்பையில் உள்ள இந்தியக் கடற்படை நிலையம் ஒன்று இன்று குஞ்ஞாலியின் பெயரைத் தாங்குகிறது.

இலங்கையில் மரிக்கார். 1956-இல் பண்டாரநாயக்க அமைச்சரவையில் இடம்பெற்ற சி.ஏ.எஸ். மரிக்கார் நினைவுக்கு வருகிறார். அதே நாட்டின் கிழக்குக் கரையிலோ, மரைக்காயர் என்பது குடும்பப் பெயராக மட்டும் நிற்காமல் ஒரு பொறுப்பின் பெயராகவும் இருந்து வந்திருக்கிறது. அங்குள்ள முஸ்லிம்கள் தாய்வழிக் குடிகளாகப் பகுக்கப்பட்டவர்கள். ஒவ்வொரு குடியின் சார்பாகவும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்பவருக்கு மரைக்காயர் என்று பெயர்.

நம் கரையில் இந்தப் பெயருக்குப் புகழ் சேர்த்தவர்களில் இருவரைச் சேர்த்தே சொல்ல வேண்டும். செத்தும் கொடுத்தவர் என்று இன்றும் பேசப்படும் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்றவர் அவர். அவருடைய மறைவுக்குப் பின் புலவரை ஆதரித்தவர் பரங்கிப்பேட்டையின் அபுல் காசிம் மரைக்காயர். கப்பலில் ஈட்டிய பொருள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு தமிழில் காப்பியமாவதற்குச் செலவாயிற்று.

இனி, பெயர் காணாமற்போன ஒரு வீட்டையும் பார்ப்போம். இராமேசுவரத்து ஜைனுலாப்தீன் மரைக்காயர் படகு கட்டி யாத்திரிகர்களை ஏற்றிச் சென்றவர். அந்தப் படகைப் புயலுக்குப் பறிகொடுத்தவர். அவருடைய மகன் குடியரசுத் தலைவரானார். அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்று மூன்று தலைமுறை முன்னோரின் பெயர்களைத் தம் முன்னெழுத்துகளில் சுமந்த அப்துல் கலாம் அவர்களின் பெயரில் மரைக்காயர் இல்லை. தமிழகத்தின் முன்னெழுத்து வழக்கம் அப்படி. பினாங்கில் இறுதியாக எஞ்சியது எதுவோ, அதுவே இங்கு முதலில் உதிர்ந்தது.

நம் வீடுகள் பலவற்றிலும் இதுவே நடக்கிறது. வாப்பாவின் நிக்காஹ் பதிவேட்டில் இருக்கும் பெயர் மகனின் பள்ளிச் சான்றிதழில் இல்லை. சிலர் வேண்டுமென்றே விட்டார்கள். அவர்களின் காரணத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் என்ற பிரிவுகள் சம்பந்தம் பேசும்போது சாதியைப்போல் எழுந்து நின்று, எத்தனையோ நல்ல வரன்களைத் தட்டிக் கழித்திருக்கின்றன. இனங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று சூரத்துல் ஹுஜுராத் 13-ஆம் வசனம் உணர்த்த, நாமோ ஒருவரையொருவர் ஒதுக்குவதற்கு அவற்றைக் கைக்கொண்டோம். அந்த வெட்கத்தால் பெயரையே துறந்தவரை என்ன சொல்ல?

ஆனால் அதே வசனம் அறிந்துகொள்வதையும் ஒரு நோக்கமாகச் சொல்கிறதல்லவா? நாகப்பட்டினத்து மரைக்காயரும் பேருவளை மரிக்காரும் பினாங்கு மெரிக்கனும் ஓர் அவையில் சந்தித்தால், மூன்று எழுத்துக்கூட்டல்களுக்குப் பின்னால் ஒரே சொல் இருப்பது அவர்களுக்கே தெரியாமல் போகலாம். பெயரை மேன்மைப் பட்டமாகத் தரிப்பது வேறு, வந்த வழியைச் சொல்லும் முகவரியாக வைத்திருப்பது வேறு என்றே நாம் கருதுகிறோம். சான்றிதழில் சேர்ப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். பழைய நிக்காஹ் பதிவேடுகளும் வீட்டு ஆவணங்களும் கரையானுக்கு இரையாகுமுன், அவற்றில் உள்ள முன்னோர் பெயர்களை முழுமையாக ஒரு தாளில் எழுதி வைப்பதற்கு அந்த விருப்பம் தடையாகாது. எழுதும்போது உம்மாவின் வழியையும் விடாமல் எழுதுங்கள். கடலோடிகளின் வீடுகளில் ஆண்டுக்கணக்காகக் கரையில் நின்று குடும்பத்தைக் காத்தவர்கள் அவர்கள்தாம்.